கோலிக்கிலிருந்து மீளும் குதிரை: டாக்டர் கிளம்பிய பிறகு என்ன செய்வது?

எங்கள் பெண்குதிரை செவலைக்குக் குடல் அடைத்துக்கொண்ட மூன்றாம் நாள் இரவு அது. மூக்கு வழியாக விட்டிருந்த குழாயை டாக்டர் உருவி வாளியில் சுருட்டிப் போட்டார். "இனி ராத்திரி முழுக்க நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டி வெளிச்சம் தோட்டத்து முனையில் மறைந்ததும்தான் உறைத்தது, எதைப் பார்ப்பது என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. செவலை தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். அது வலியா, மயக்க ஊசியின் மிச்சமா, மூன்று நாள் களைப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த இரவில் என்னிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அந்தியூர்ச் சந்தையில் ஆசைப்பட்டு முதல் குதிரையைப் பிடித்து வந்தவர்களையும், மாடு வளர்த்த பழக்கத்தில் குதிரையையும் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுவது. டாக்டர் ஒரு நாளில் அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் குதிரையோடு இருப்பார். மற்ற நேரமெல்லாம் அது நம் கண்முன்னால்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் நாம் எதைக் கவனித்தோம் என்பதை வைத்துத்தான் அவர் அடுத்த மருந்தை முடிவு செய்கிறார்.

முதலில் குதிரையின் வயிறு

கோலிக் என்பது ஒரு தனி நோயின் பெயர் கிடையாது. குதிரைக்கு வருகிற வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். வாயு சேர்ந்தாலும் கோலிக், காய்ந்த தீவனம் குடலில் அடைத்தாலும் கோலிக், குடல் முறுக்கிக்கொண்டாலும் கோலிக். முதலாவது சில மணி நேரத்தில் சரியாகலாம். கடைசியானது அறுவை சிகிச்சை இல்லாமல் உயிரை எடுத்துவிடும். வெளியே தெரிகிற அறிகுறிகளோ தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்காலால் தரையைக் கீறும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், மேல் உதட்டைச் சுருட்டும், படுத்து எழும், உருளும்.

மாடு அசைபோடும், அதற்குப் பெரிய இரைப்பை. குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதைவிட முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே தேங்கியது மேலே வர வழியில்லாமல் இரைப்பையே கிழிந்துபோகலாம். டாக்டர் வந்ததும் மூக்கில் குழாய் விடுவது அதனால்தான். மருந்து ஊற்றுவது அதன் ஒரு பயன். தேங்கியதை வெளியே எடுத்து வயிற்றின் அழுத்தத்தைக் குறைப்பது அதைவிடப் பெரிய பயன்.

நல்ல நாளிலேயே பழக வேண்டிய அளவுகள்

நோய் வந்த பிறகு நாடி பிடிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் கையும் நடுங்கும், குதிரையும் நிற்காது. குதிரை நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் காலையும் மாலையும் இவற்றை எடுத்து எழுதிப் பாருங்கள்.

வெப்பம்: 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அதன் முனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் ஒன்றை மாட்டி, வால் மயிரில் பிடிக்கவைத்துவிடுங்கள். அப்போதுதான் உள்ளே போய்விடாது, கீழே விழுந்தும் உடையாது. தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வையுங்கள். நேர் பின்னால் நிற்காமல் இடது தொடையை ஒட்டி நிற்கவேண்டும். வெயிலில் நடந்து வந்த கையோடு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். நிழலில் ஓய்வெடுத்த பிறகு எடுங்கள். 101.5-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

இதயத்துடிப்பு: ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேளுங்கள். 'லப்-டப்' இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. இதைத் தனித்தனியாக எண்ணி, இரண்டு மடங்காகச் சொல்லி டாக்டரைப் பதறவைத்தவர்கள் உண்டு. ஸ்டெதாஸ்கோப் இல்லையென்றால் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலால் தடவுங்கள். நூல்போல் ஒரு நாளம் உருளும், அதை மெல்ல அழுத்தினால் துடிப்பு தெரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வலி எவ்வளவு என்று சொல்வதில் இந்த எண்ணைவிட நம்பகமானது நம் கையில் வேறில்லை. சில குதிரைகள் வலியை வெளியே காட்டாமல் கல்போல் நிற்கும், இதயம் அப்படி மறைக்காது. 60-க்கு மேலே போய் அங்கேயே நின்றால் நேரம் பார்க்காமல் டாக்டரை எழுப்புங்கள்.

மூச்சு: நிமிடத்துக்கு 8 முதல் 16. விலாவுக்குப் பின்னால் உள்ள குழி ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணலாம்.

ஈறு: வெளிர் இளஞ்சிவப்பாக, தொட்டால் ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். ஒட்டும் பதமாக இருந்தால் உடம்பில் நீர் குறைகிறது. செங்கல் நிறம், பல்லை ஒட்டி ஊதாக் கோடு என்று தெரிந்தால் ரத்தத்தில் நச்சு ஏறுகிறது என்று பொருள்.

குடல் ஓசை: இரண்டு பக்கமும், விலாவுக்குப் பின்னால் மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஆக நான்கு இடங்களில் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல வயிறு சும்மா இருக்காது. தூரத்து இடிபோல, குழாயில் நீர் ஓடுவதுபோல ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கு இடத்திலும் ஒரு நிமிடம் நிசப்தம் என்றால் அது கெட்ட செய்தி.

லத்தி: ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை போடும். உருண்டையாக, தரையில் விழுந்தால் லேசாக உடையும் பதத்தில் இருக்கவேண்டும். கெட்டியாக, சளிபோல் பளபளவென்று படலம் போர்த்தி வந்தால் அது குடலில் அதிக நேரம் தங்கிவிட்டது.

டாக்டருக்குப் போன் செய்யும் முன்னும் பின்னும்

"குதிரைக்கு முடியலங்க, சீக்கிரம் வாங்க" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எப்போது ஆரம்பித்தது, கடைசியாக லத்தி போட்டது எப்போது, துடிப்பு எத்தனை, ஈறு என்ன நிறம், தீவனத்தில் என்ன மாற்றம், சினையா இல்லையா: இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர் வரும் வழியிலேயே என்னென்ன தேவை என்று முடிவு செய்துகொள்வார்.

அவர் வரும்வரை தீவனத்தை முழுக்க எடுத்துவிடுங்கள், கீழே பரப்பிய வைக்கோலையும் சேர்த்து. தண்ணீர் விஷயத்தை அவரிடமே கேளுங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். கோலிக் வந்த குதிரையை மணிக்கணக்காக நடத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்பது பழைய பழக்கம். அதில் குதிரையும் களைத்து நாமும் களைத்துப் போவோம். கண்மூடித்தனமாக உருளும் குதிரையை மட்டும் மெல்ல நடத்தலாம். அதுவும் உங்களுக்கு அடிபடாது என்றால் மட்டும்.

மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயோ இஞ்சிக் கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள். மாட்டுக்குச் செய்து பழகிய கைகள் இதைத்தான் முதலில் செய்யும். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். கோலிக்கில் பிழைத்த குதிரையை அதில் இழப்போம். குதிரை விழுங்கத் திணறினாலோ, எச்சில் ஒழுகினாலோ, குணமே மாறித் தெரிந்தாலோ வாய்க்குள் கையை விடவே விடாதீர்கள். வெறிநோய் குதிரைக்கும் வரும்.

குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் எல்லா ஊரிலும் இருக்கமாட்டார். அவசரம் வந்தபின் தேடாமல் இப்போதே இரண்டு எண்களை வாங்கி லாயத்துச் சுவரில் எழுதிவையுங்கள். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் உங்களுக்கு எது பக்கம், அங்கே குதிரைக்கு எந்த அளவு சிகிச்சை கிடைக்கும், அறுவை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள் என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுவையுங்கள். குதிரை ஏறும் வண்டி வைத்திருப்பவர் எண்ணும் அந்தச் சுவரில் இருக்கட்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

டாக்டர் வரும்போது

வெளிச்சம், தண்ணீர், இடம். இந்த மூன்றும் தயாராக இருந்தால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். இரண்டு வாளி வெதுவெதுப்பான நீர், ஒரு காலி வாளி, சோப்பு, துண்டு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். கூடவே வளரும் இன்னொரு குதிரை இருந்தால் கண்ணில் படும் தூரத்தில் கட்டுங்கள், ஆடு இருந்தாலும் சரி. கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாக விட்டால் அதுவே ஒரு பயம். தொற்றுநோய் சந்தேகம் இருந்தால் மட்டும் பிரித்து வைக்கவேண்டும்.

பிடிப்பவர் எந்தப் பக்கம் நிற்பது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டாக்டர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ நீங்களும் அதே பக்கம் நில்லுங்கள். குதிரை திமிறினால் தலையை உங்கள் பக்கம் இழுப்பீர்கள். அப்போது அதன் பின்பாகம் டாக்டரை விட்டு விலகிப் போகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்பாகம் நேரே அவர்மேல் திரும்பும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடிக்கவேண்டும்.

குழாய் விட்டு எடுக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும். தலையைத் தூக்கிக் கட்டாமல் சும்மா விடுங்கள். மயக்க ஊசி போட்டிருந்தால் தலை முழுக்க நிமிர்ந்து கண் தெளியும்வரை வாயருகே தீவனம் எதுவும் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கிளம்பும் முன் நான் இப்போது தவறாமல் கேட்கும் கேள்விகள்: தண்ணீர் எப்போது, எவ்வளவு? முதல் வாய்ப் புல் எப்போது? அடுத்த ஊசி எத்தனை மணிக்கு, அதன் பெயர் என்ன? எந்த எண்ணைத் தாண்டினால் நடுராத்திரியில் உங்களை எழுப்பலாம்? பதில்களை அவர் முன்னாலேயே எழுதி ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன். முன்பெல்லாம் தலையாட்டிவிட்டு, பிறகு "அவர் ரெண்டு மணிக்குன்னாரா, நாலு மணிக்குன்னாரா?" என்று வீட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம்.

முதல் மூன்று நாள்

வயிறு திறந்துகொண்டது என்று எதை வைத்துச் சொல்வது? இதில்தான் நான் ஏமாந்தேன். டாக்டர் குழாய் வழியாக ஊற்றியிருந்த பாரஃபின் எண்ணெய் மறுநாள் காலை வால் அடியில் வழிந்திருந்தது. அடைப்பு போய்விட்டது என்று மகிழ்ந்து, நானாக ஒரு கட்டுப் புல் போட்டேன். மதியத்துக்குள் செவலை மறுபடி தரையைக் கீறத் தொடங்கிவிட்டாள். எண்ணெய் அடைப்பின் ஓரமாகவே வழுக்கி வெளியே வந்துவிடும். உள்ளே கட்டி அப்படியே இருக்கும். எண்ணெயோடு சேர்ந்து நல்ல அளவு லத்தியும் தொடர்ந்து வரவேண்டும், துடிப்பு 44-க்குக் கீழே இறங்கி நிற்கவேண்டும், நான்கு இடத்திலும் ஓசை கேட்கவேண்டும். அதற்கப்புறமும் டாக்டர் சொல்லாமல் ஒரு பிடி புல் போடாதீர்கள். பசியோடு அது நம்மைப் பார்க்கும் பார்வையைத் தாங்குவதுதான் இந்த நாட்களின் கடினமான வேலை.

தீவனம் தொடங்கலாம் என்று அவர் சொன்னதும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி இளம்புல். அருகம்புல் கிடைத்தால் நல்லது. அல்லது கயிற்றில் பிடித்தபடி பத்து நிமிடம் மேயவிடுங்கள். நடையும் ஆயிற்று, குடலும் அசையும். ஒவ்வொரு முறையும் கொடுத்த பின் அரை மணி நேரம் கூடவே நின்று பாருங்கள். வலி திரும்பவில்லை என்றால் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக முழுத் தீவனத்துக்கு வரலாம். கொழுக்கட்டைப் புல்போன்ற காய்ந்த தீவனத்தை முதல் வாரம் தண்ணீரில் ஊறவைத்தே கொடுத்தேன். நெல் வைக்கோலும் முற்றிய சோளத்தட்டும் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். கொள்ளு, ஓட்ஸ் போன்ற தானியம் ஒன்றிரண்டு வாரம் கிடையாது. "கொள்ளு போட்டாத்தானுங்க தெம்பு வரும்" என்று குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் என்னிடம் மன்றாடினார். அன்பில் சொன்னதுதான், ஆனால் களைத்த குடலுக்கு அது பாரம். தெம்பு புல்லிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் முதலில் வரட்டும்.

குதிரைக்கு மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் இரண்டையும் எப்போதுமே கொடுக்காதீர்கள். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து, சில மாட்டுத் தீவனங்களிலும் உண்டு. கோழியும் மாடும் தாங்கும் அளவே குதிரையின் இதயத்தசையைக் கொன்றுவிடும். கொங்குப் பக்கம் கோழிப்பண்ணையும் லாயமும் அடுத்தடுத்து இருக்கும் தோட்டங்கள் பல உண்டு. மூட்டை மாறிவிடாமல் பூட்டி வையுங்கள்.

தண்ணீர்: 400 கிலோ குதிரை சாதாரண நாளில் 20 முதல் 40 லிட்டர் குடிக்கும், நம் வெயிலில் அதற்கு மேலும். தொட்டியில் விட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. நோய் தெளியும்வரை அளவு போட்ட வாளியில் வையுங்கள். இரண்டு வாளி வைத்து, டாக்டர் சம்மதித்தால் ஒன்றில் மட்டும் உப்பு கலக்கலாம். இரண்டிலும் கலந்தால் சுவை பிடிக்காமல் குடிப்பதையே நிறுத்திவிடும். கறுப்புத் தொட்டியில் வெயில்பட்டுச் சூடேறிய நீரையும் பல குதிரைகள் தொடாது.

படுக்கைக்கு வைக்கோல் போட்டால் பசியில் அதையே தின்னும். மரத்தூளோ தென்னை நார்க்கழிவோ பரப்புங்கள், தூசி பறக்காமல் கொஞ்சம் தெளித்துவிட்டு.

வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு காலை மறந்துவிடக் கூடாது. குடலிலிருந்து ரத்தத்தில் கலக்கும் நச்சு குளம்புக்குள் இருக்கும் மெல்லிய திசுக்களைத் தாக்கும், லாமினைட்டிஸ் என்பார்கள். வயிறு தேறிய குதிரை காலால் முடங்கிப்போவது இதனால்தான். காலை, மாலை இரண்டு வேளையும் நான்கு குளம்பையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தங்கியிருந்தாலோ, கணுவின் பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்தால் நாடி தடதடவென்று அடித்தாலோ, கால் மாற்றி மாற்றி நின்றாலோ, முன்கால்களை முன்னே நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றாலோ உடனே சொல்லுங்கள். அபாயம் இருக்கும் குதிரைக்கு டாக்டரே முன்கூட்டி ஐஸ் கட்டச் சொல்வார். ஒத்தடம் போடுவதோடு அது முடிந்துவிடாது. குளம்பு முதல் கணுவுக்கு மேல் வரை இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் ஐஸில் இருக்கவேண்டும். தடித்த பாலித்தீன் பையைக் காலில் மாட்டி, ஐஸும் நீரும் நிரப்பி, மேலே தளர்வாகக் கட்டினால் நிற்கும். மீன் கடைக்கு ஐஸ் வரும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மூட்டையாகக் கிடைக்கும்.

கழுத்து ரத்தநாளத்தில் ஊசிக்குழாய் விட்டிருந்தால் அதன் மூடி இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். திறந்து கிடந்தால் காற்றை உள்ளே இழுத்துவிடும். விரலால் அடைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குழாய் எடுத்த பிறகும் சில நாள் கழுத்துப் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். கயிறுபோல் கெட்டியாகத் தடித்திருந்தால் நாளம் வீங்குகிறது.

கழிச்சல் தொடங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த குதிரைக்குக் குடலழற்சி வந்து ஒரே நாளில் நீரெல்லாம் இழந்துவிடலாம். உடனே சொல்லுங்கள், மற்ற குதிரைகளை விலக்குங்கள், கையை நன்றாகக் கழுவுங்கள். சில கிருமிகள் மனிதர்களுக்கும் தொற்றும்.

வலி மருந்து

ஃப்ளூனிக்சின், ஃபினைல்பியூட்டசோன் இரண்டும் குதிரை வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் பெயர்கள். இரண்டும் நல்ல மருந்துகள், இரண்டையும் நாமாகப் போடக் கூடாது. டாக்டர் வரும் முன் போட்டால் வலி மறைந்து, குடல் முறுக்கியிருப்பதே தெரியாமல் போய்விடும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு கூடினால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் வரும். ஃப்ளூனிக்சினைத் தசையில் போட்டு, அங்கே கிருமி பெருகித் தசையே அழுகி இறந்த குதிரைகள் உண்டு. ஃபினைல்பியூட்டசோன் ஊசி நாளத்தைத் தவறி வெளியே இறங்கினால் அந்த இடத்துத் தோலும் சதையும் உரிந்துவிடும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் டைக்ளோஃபெனாக்கை வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-இலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது அதைத் தொடாமல் இருங்கள்.

ஊசியைக் கண்டாலே ஓடும் குதிரை

பத்து நாள் தொடர்ந்து ஊசி போட்ட குதிரை, அதன்பிறகு சட்டைப்பையில் கைவிட்டாலே தலையைத் தூக்கும். செவலை டாக்டரின் வண்டிச் சத்தத்துக்கே வியர்த்தாள். பொறுமையாகத்தான் மாற்ற முடியும். ஊசி முனை இல்லாத வெறும் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போங்கள். அது பதறும் எல்லைக்கு ஒரு அடி முன்னாலேயே நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டதும் சிரிஞ்சை எடுத்துவிடுங்கள். அமைதியாக நின்றால் அந்தப் பொருள் போய்விடும் என்று அதற்குப் புரிய வேண்டும். அடுத்த நாள் கழுத்தில் தொடுங்கள், பிறகு தோலைக் கிள்ளுங்கள், பிறகு அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் போதும்.

தீவனம் கொடுக்கக் கூடாத நாட்களில் பரிசாக எதைத் தருவது? பிடரி முடியும் இடத்தில், முதுகு மேட்டில் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அதுதான்; அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே கொஞ்சம் இறங்கும். வாய்வழி மருந்துக்கும் இதே பழக்கம்தான். தண்ணீர் மட்டும் நிரப்பிய சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் பல் இல்லாத இடைவெளியில் வைத்து எடுப்பதை நல்ல நாளிலேயே பழக்கிவிடலாம். மேல் உதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிப்பது அவசரத்துக்கு, ஒருசில நிமிடத்துக்கு மட்டும். காதை முறுக்கவே கூடாது. அப்படி ஒருமுறை செய்தால் பிறகு வருடக்கணக்கில் தலைக்கயிறு போடவிடாது.

இன்னொன்று: டாக்டர் ஊசி போடுவதற்காக மட்டும் வருபவராக இருக்கக் கூடாது. ஒருநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவரை, "சார், சும்மா அவ கழுத்தச் சொறிஞ்சு குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் சிரித்துக்கொண்டே செய்தார். அதன்பிறகு அவர் வந்த மூன்றாவது முறை செவலை வியர்க்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்திருந்தால்

அடிவயிற்றின் நடுக்கோட்டில் நீளமான தையல் இருக்கும். அதைச் சுற்றி முதல் சில நாள் அழுத்தினால் குழியும் வீக்கம் இருப்பது வழக்கம். சீழோ நீரோ வடிந்தாலும், தொட்டால் சுட்டாலும், காய்ச்சல் ஏறினாலும் தொற்று. ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சொன்னால் வயிற்றுக்கட்டு போட்டு நனையாமல் காக்கவேண்டும். ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்களே கேளுங்கள், குதிரையை அந்த நோய் மிக எளிதாகத் தாக்கும். பொதுவாக முதல் மாதம் லாயத்துக்குள் ஓய்வு, கயிற்றில் பிடித்து மெல்ல நடை மட்டும். இரண்டாம் மாதம் சின்ன அடைப்புக்குள் தனியாக. மூன்றாம் மாதம் பெரிய இடம். சேணம் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு, டாக்டர் தையலைத் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்னபின். வெளியே ஆறிய காயம் உள்ளே ஆறியிருக்காது.

நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்றை லாயத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், பேனாவையும் அதிலேயே கட்டுங்கள். தேதி, நேரம், வெப்பம், துடிப்பு, ஈறு, லத்தி, குடித்த நீர், கொடுத்த தீவனம், மருந்து, எழுதியவர் பெயர். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு நாலு, பிறகு காலை மாலை. இரவுக் காவலை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் இந்த நோட்டுதான் ஒருவர் பார்த்ததை அடுத்தவருக்குச் சொல்லும். செவலையின் துடிப்பு 40, 44, 48, 52 என்று ஒரே இரவில் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொருவரும் தாம் எடுத்த எண்ணை மட்டும் பார்த்து "பரவாயில்லை" என்று தூங்கப் போயிருந்தோம். விடியற்காலையில் வந்த டாக்டர் வரிசையாகப் படித்தபோதுதான் வலி திரும்புவது தெரிந்தது.

எடையையும் வாரம் ஒருமுறை எழுதுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து புட்டமுனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 344 கிலோ. மருந்தளவு சொல்வதற்கும் இந்த எண் உதவும்.

முடியாமல் போகும்போது

எல்லாக் குதிரையும் எழுந்து நிற்பதில்லை. வலி மருந்துக்கும் அடங்காத வலி, இறங்காத துடிப்பு, கறுத்த ஈறு. அறுவைக்குக் கொண்டுபோகும் தூரமோ பணமோ கைக்கு எட்டாத நிலை. அப்போது டாக்டர் கருணைக் கொலையைப் பற்றிப் பேசுவார். அதைப் பற்றி நல்ல நாளிலேயே வீட்டில் பேசி வையுங்கள்: எவ்வளவு செலவு தாங்கும், யார் முடிவெடுப்பது, எங்கே புதைப்பது. அந்த ஊசி மருந்து ஏறிய உடலை வெளியே போடக் கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும். நாயும் கழுகும் தின்றால் அவையும் சாகும்.

வேலைக்குத் திரும்பும் முன்

அடைப்பு எதனால் வந்தது என்று தேடாமல் சேணத்தை எடுக்காதீர்கள். பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஓரம் கூர்ந்த பல் இருந்தால் தீவனத்தைச் சரியாக அரைக்காமல் விழுங்கும். லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்தபின் மருந்து கொடுங்கள். மண் தரையில் தீனி போடுகிறீர்களா என்று பாருங்கள், மணலும் குடலில் சேரும். புதுத் தீவனத்தை ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குதிரை மசால் என்கிற பசுந்தீவனத்துக்கும் இதே விதிதான்.

எங்கள் விஷயத்தில் காரணம் தண்ணீர்த் தொட்டி. சித்திரை வெயிலில் அது மேற்குச் சுவரோரம் இருந்தது, மதியம் கை வைக்க முடியாத சூடு. செவலை அந்த நாட்களில் காலையில் மட்டும் குடித்துவிட்டு, காய்ந்த தட்டைத் தின்றுகொண்டு நின்றிருக்கிறாள். தொட்டியை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். அளவு போட்ட வாளியை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் எத்தனை கோடு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.